முதலைப் பண்ணைக்கு அரை மணி நேரம் போதாது

கேளம்பாக்கத்தில் வீடு இருந்தால் கேட்காமலே ஒரு வேலை வந்து சேரும். கோவில்பட்டியிலிருந்து சொந்தபந்தம் யார் வந்தாலும் "மகாபலிபுரம் கூட்டிட்டுப் போ" என்பார்கள். கூட்டிப்போவேன், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. போகிற வழியில் வடநெம்மேலியில் இறங்கி முதலைப் பண்ணையைப் பார்த்த பிறகுதான் கடற்கரைக் கோயில் எல்லாம். முழுப்பெயர் மெட்ராஸ் முதலை வங்கி அறக்கட்டளை. கண்டக்டரிடம் 'முதலைப் பண்ணை' என்றால் போதும், சரியாக இறக்கிவிடுவார்.

இந்த இடத்தைப் பற்றிக் காதில் விழும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "முதலை எதுவுமே அசையலை, சிமெண்ட் பொம்மை மாதிரி கிடக்கு." வேன் வைத்துச் சுற்றிக்காட்டுபவர்கள் ஒதுக்கும் நேரம் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. அதுவும் வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு. அந்த நேரத்தில் போனால் நானும் அப்படித்தான் சொல்வேன். முதலைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். அதனால் காலையில் கரையேறி வெயில் காயும். சூடு மிஞ்சினால் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும், இல்லாவிட்டால் தண்ணீருக்குள் இறங்கி மூக்கையும் கண்ணையும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மார்கழி, தை மாதங்களில் காலை பத்து மணிவாக்கில் போனால் கரை முழுக்க முதலை. சித்திரை மத்தியானம் போனால் பச்சைத் தண்ணீரும் நாலைந்து மூக்குகளும்தான்.

ஏதாவது ஒரே ஒரு குளத்தைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் நகராமல் நின்று பாருங்கள். கண்ணுக்கு மேல் மெல்லிய ஜவ்வு ஒன்று பக்கவாட்டில் ஓடித் திரும்பும். பெரிய ஆண் முதலை தண்ணீரில் இறங்கி வந்தால், வழியில் இருக்கும் சின்னது தலையைத் தூக்கித் தொண்டையைக் காட்டும். 'நீதான் பெரியவன், விட்டுவிடு' என்று அர்த்தம். இதைச் சொல்லிக் கொடுத்தபிறகு என் அக்கா பையன் கம்பியை விட்டு வரவே மாட்டேன் என்றான். பக்கத்தில் ஒரு குடும்பத்துப் பிள்ளை முதலையை 'எழுப்ப' கல்லை எடுத்தபோது இவனே போய், "அண்ணா, அது தூங்கலை" என்று தடுத்துவிட்டான். பிள்ளையின் அப்பா பக்கத்தில்தான் நின்றார், செல்போனில்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பண்ணை மரங்களில் கொக்குகள் கூடு கட்டுகின்றன. கூடு கட்டும் பருவத்தில் சில முதலைகள் மூக்கின் மேல் சுள்ளியோடு அசையாமல் மிதந்ததையும், சுள்ளி பொறுக்க வந்த கொக்கை லபக்கென்று பிடிக்கப் பாய்ந்ததையும் இங்கே பார்த்து, 2013-இல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். அது திட்டமிட்ட தந்திரம்தான் என்பதை எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் சுள்ளியோடு ஒரு முதலையைப் பார்த்துவிட்டால் அந்த இடத்தை விட்டுப் போக மனசு வராது.

முட்டைக் கதையை யாராவது ஊழியரிடம் கேளுங்கள், சலிக்காமல் சொல்வார்கள். நம்மூர் சதுப்பு முதலை மாசி, பங்குனி வாக்கில் மணலைத் தோண்டி முட்டையிடும். குட்டி ஆணா பெண்ணா என்பது மணலின் சூட்டில்தான் முடிவாகிறது. 31 டிகிரி வரைக்கும் பெண், 32.5 டிகிரியை ஒட்டி வந்தால் பெரும்பாலும் ஆண். ஒரே தாய் ஒரே பருவத்தில் இரண்டு முறை முட்டையிடுவதையும் இங்கேதான் கவனித்து எழுதினார்கள்.

இப்படிப் பெருகியதுதான் இவர்களுக்குத் தலைவலியும். கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கிய அதே ரோமுலஸ் விட்டேக்கர், ஜாய் விட்டேக்கரோடு சேர்ந்து 1976-இல் இதை ஆரம்பித்தபோது, தோலுக்காக வேட்டையாடி நாட்டில் முதலையே அற்றுப்போகும் நிலை. இங்கே வளர்த்து ஆறுகளிலும் அணைகளிலும் விடுவது திட்டம். வளர்ப்பது அமோகமாக நடந்தது. விடுவதுதான் பின்னால் நின்றுபோனது, எந்த ஊர்க்காரர்தான் எங்கள் ஏரியில் விடுங்கள் என்பார்? இருந்த கூட்டத்திலிருந்து ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப அனுமதி வாங்க வேண்டியிருந்தது, அதுவும் நீதிமன்றம் வரை போன விவகாரம். ஒரே குளத்தில் இத்தனை முதலையா என்று முகம் சுளிப்பவர்கள் இதையும் தெரிந்துகொண்டு சுளிக்கலாம்.

நீள மூக்கு கரியால் முதலையைத் தவற விடாதீர்கள். சம்பல், கங்கை பக்கத்து ஆள், மீன்தான் சாப்பாடு. வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் ஒரு குமிழ் இருக்கும். ஆமைகளை வேகமாகப் பார்த்தாலும் நஷ்டமில்லை என்பது என் கருத்து. சின்னப் பிள்ளைகள் சம்மதிக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

இனி என்னைப் பொறுத்தவரை முக்கியமான பகுதி. இதே வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இதற்குத் தனி டிக்கெட். "உள்ளே வந்தாச்சு, மறுபடியும் காசா" என்று இதைப் பார்க்காமல் போகிறவர்கள் பாதிப் பேர். 1972 வனவிலங்குச் சட்டம் வந்து பாம்புத்தோல் வியாபாரம் படுத்தபோது, தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தவர்களுக்குப் பிழைப்பு போயிற்று. 1978-இல் அவர்களே உறுப்பினர்களாக இந்தச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலையும் உயிரோடு பிடித்து, விஷம் எடுத்து, மருந்து செய்கிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு ஊசி.

எங்கள் பெரியப்பா வாசலிலேயே, "பாம்பைக் காசு கொடுத்தா பாக்கணும்? நம்ம பருத்திக் காட்டுல சும்மாவே கிடக்குமே" என்றார். உள்ளே மணல் பரப்பிய பள்ளம், வாயைத் துணியால் கட்டிய மண்பானைகள் வரிசையாக. இருளர் ஒருவர் துணியை அவிழ்த்து, கொக்கிக் கம்பியால் கண்ணாடி விரியனைத் தூக்கி மணலில் விட்டார். அது உடம்பைச் சுருட்டிக்கொண்டு சீறியதும் கூட்டம் ஓரடி பின்வாங்கியது, பெரியப்பா ஓரடி முன்னால் போனார். தலைக்குப் பின்னால் இரண்டு விரலால் பிடித்து, ஜவ்வு கட்டிய கண்ணாடிக் குப்பியின் வாயில் பல்லை ஊன்றவைத்தார். உள்பக்கம் சில சொட்டு வெளிர் மஞ்சள் திரவம் இறங்கியது. அவ்வளவுதான், ஒரு தேக்கரண்டிகூட இல்லை.

"பொறவு இத என்ன செய்வீங்க?" பெரியப்பா கேட்டார்.

"மூணு நாலு வாரம் வச்சிருந்து, வாரம் ஒரு தடவ எடுத்துட்டு, காட்டுல விட்ருவோம் ஐயா. வயித்துச் செதிலை லேசா நறுக்கி அடையாளம் வச்சிருப்போம். மறுபடி அது மாட்டுனா தொட மாட்டோம்."

பெரியப்பா கேள்வி மேல் கேள்வியாக அடுக்கினார். இந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ வாங்கியவர்கள் என்று நான் சொன்னதும், "பின்ன? குடுக்க வேண்டியதுதான்" என்றார். எங்கள் வீட்டில் அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம்.

ஒரு எச்சரிக்கை: விஷம் எடுத்துக் காட்டுவது எப்போதும் நடக்காது. பாம்பு பிடிக்கும் அனுமதி, மழை, எல்லாம் பார்த்துத்தான். கிளம்பும் முன் போன் போட்டு, அன்றைக்கு உண்டா, எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதைச் சுற்றி மற்றதைத் திட்டமிடுங்கள். இருட்டில் டார்ச் அடித்து முதலைக் கண் மின்னுவதைக் காட்டும் இரவுச் சுற்றும் நடத்துகிறார்கள். அதற்கு முன்பதிவு செய்யவேண்டும்.

திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு கூட்டம் தாங்காது, முடிந்தால் செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள். பாதை மணலும் மண்ணும் என்பதால் பழகிய செருப்பு, தண்ணீர், தொப்பி. கடல் பக்கத்திலேயே இருந்தும் பதினொரு மணிக்கு மேல் வியர்வை கொட்டும். சாப்பாட்டை மாமல்லபுரத்தில் வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கவலையில்லை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடுத்தடுத்து வண்டி வரும். வேன் பேசுகிறவர்கள் மட்டும் வாடகை பேசும்போதே முதலைப் பண்ணையில் இரண்டரை மணி நேரம் நிற்போம் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள். வெயிட்டிங் காசு கேட்பார், கொடுத்துவிடுங்கள்.