டேபிள் பேப்பருக்கு அடுக்கு ட்ரேயா, நிக்குற ஃபைல் ஸ்டாண்டா? ரெண்டோடயும் மாரடிச்சவன் சொல்றேன்

ஆஃபீஸ் டேபிள இனிமே சுத்தமா வச்சுக்கணும்னு சபதம் எடுக்குறவங்க முக்கால்வாசி பேர் முதல்ல செய்யுற காரியம் ஒரு மூணடுக்கு ட்ரே வாங்குறதுதான். நானும் அதான் பண்ணேன். ரெண்டு வருஷம் அதோட குடும்பம் நடத்திட்டு, இப்ப ஒரு வருஷமா புக் மாதிரி பேப்பர நிக்க வைக்கிற ஃபைல் ஸ்டாண்டுக்கு மாறிட்டேன், ரெண்டு ஸ்டாண்ட் வச்சிருக்கேன். முன்னாடியே சொல்லிடுறேன், நான் ஸ்டாண்ட் கட்சி. நடுநிலையா எழுதிருப்பான்னு நம்பி படிக்காதீங்க.

எல்லாருக்கும் தெரிஞ்சத முதல்ல முடிச்சிடலாம். இடம்: ஏ4 பேப்பர் 21க்கு 29.7 சென்டிமீட்டர், அது படுத்தா அவ்வளவு இடம் போயிடும், ட்ரேயோட ஓரம் காலெல்லாம் சேத்தா இன்னும் கொஞ்சம். நிக்குற ஸ்டாண்ட் ஒண்ணு சுமார் 10 சென்டிமீட்டர் அகலம், ரெண்டு வச்சாலும் ட்ரேய விட கம்மி இடம்தான். பாக்க அழகு: புதுசா இருக்கும்போது ட்ரேதான் அழகு, சந்தேகமே இல்ல. உறுதி: ரெண்டுமே உடையல. அவ்ளோதான், இதுல எதையும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

முடிவு பண்ண வேண்டியது பராமரிப்ப வச்சு. அதாவது மூணு மாசம் கழிச்சு, வாங்கின ஜோரெல்லாம் வடிஞ்சு, வேலை கழுத்த நெரிக்குற ஒரு வாரத்துல அத சுத்தமா வச்சுக்க எவ்ளோ கஷ்டம்ங்கிறதுதான் கேள்வி.

தூசில இருந்து ஆரம்பிக்கிறேன். 80 ஜிஎஸ்எம் (அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 பேப்பர் ஒண்ணு சரியா 5 கிராம் இருக்கும், 16 பேப்பர் சேந்தா ஒரு சதுர மீட்டர், அதனால அந்த கணக்கு. என் ட்ரேல தட்டுக்கு 200 பேப்பர்னு வச்சா மொத்தம் 600, 3 கிலோ. அந்த 3 கிலோவ மூணு தட்டுல வச்சுக்கிட்டு ட்ரேய தூக்கி அடில தொடைக்க முடியுமா? முடியாது, தூக்கினா மேல் தட்டு ஆடுது, நடுத்தட்டு பேப்பர் வழுக்கி முன்னாடி வருது. அப்ப தொடைக்கணும்னா மூணு தட்டையும் காலி பண்ணணும், காலி பண்ணதை வைக்க டேபிள்ல இடம் வேணும், அதுக்கு வேற எதையாவது நகத்தணும், இப்படியே போகும். அதனால நான் என்ன பண்ணேன்னா ஸ்கேல் நுனில துணிய சுத்தி தட்டு இடுக்குல விட்டு இழுத்துட்டு சுத்தம் பண்ணியாச்சுனு சொல்லிக்குவேன். ஒரு தடவ முழுசா எடுத்துப் பாத்தப்ப அடில ட்ரே அளவுக்கு அச்சு அசலா ஒரு சாம்பல் கலர் செவ்வகம், அதுக்குள்ள நாலு ஸ்டேப்ளர் பின், எப்பவோ தொலைஞ்ச ஒரு பேனா மூடி. என் ட்ரே கம்பி வலை டைப் வேற, ஒவ்வொரு ஓட்டைலயும் தூசி கட்டிருக்கும். ட்ரேதான் வாங்குவேன்னு அடம் பிடிச்சா வலை வேணாம், வழவழனு இருக்குற பிளாஸ்டிக்கா பாத்து வாங்குங்க.

ஸ்டாண்ட ஒரு கைல ஒண்ணா தூக்கி ஓரமா வச்சு, லேசா ஈரமாக்கின மைக்ரோஃபைபர் துணியால ஒரு இழுப்பு இழுத்து, திருப்பி வச்சா முடிஞ்சது. ஒரு நிமிஷம் கூட ஆகல, அதனாலதான் வாரா வாரம் செய்யுறேன், நான் ஒண்ணும் திடீர்னு சுறுசுறுப்பா மாறிடல. (தொடைக்குறத பத்தி ஒண்ணு, காஞ்ச துணி தூசிய இங்கிருந்து அங்க தள்ளும், அவ்வளவுதான், லேசான ஈரம் வேணும். ஸ்க்ரீன்ல நேரா ஸ்ப்ரே அடிக்காதீங்க, துணில அடிச்சு தொடைங்க, அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேணவே வேணாம், ஸ்க்ரீன் கோட்டிங் போயிடும். கீபோர்ட கவுத்து தட்டுறத டேபிள் தொடைக்குறதுக்கு முன்னாடி பண்ணுங்க, நான் பல நாள் தொடைச்சு முடிச்சிட்டு தட்டிட்டிருந்தேன்.)

தூசிய விட பெரிய விஷயம், பேப்பர் எப்படி வெளிய போகுதுங்கிறது. உள்ள வர்றதுக்கு ரெண்டுமே வசதிதான், ட்ரே இன்னும் வசதி, நடந்து போகும்போதே போட்டுட்டு போலாம். ஆனா வெளிய போக ட்ரேல வழியே இல்ல. நான் மூணு தட்டுக்கும் "வந்தது", "போகணும்", "பெண்டிங்"னு லேபிள் ஒட்டிருந்தேன். முதல் மாசம் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் எதுனு முடிவு எடுக்க முடியாத பேப்பரெல்லாம் பெண்டிங்குக்கு போச்சு. அது அடித்தட்டு, குனிஞ்சு பாத்தாதான் தெரியும், மேல இருக்குறத தவிர மத்ததோட ஓரம் மட்டும்தான் தெரியும், எல்லா ஓரமும் வெள்ளையா ஒரே மாதிரிதானே இருக்கும்? இன்னொரு கூத்து, எல்லாரும் இடது மேல் மூலைலதான் ஸ்டேப்ளர் அடிக்கிறோம், அதனால அடுக்கு ஏற ஏற அந்த ஒரு மூலை மட்டும் ஒசந்து மொத்தமும் சரிய ஆரம்பிக்கும். ஒரு தடவ கையெழுத்து வாங்கி வச்ச ஒரு ஃபார்ம தேடி ஆஃபீஸே அல்லோலகல்லோலம், நான் கொடுத்துட்டேன்னு சாதிச்சேன், பக்கத்து சீட்காரர் கிட்ட "நீங்கதாண்ணே வாங்கிட்டுப் போனீங்க"னு வேற சொல்லிட்டேன். மூணு மாசம் கழிச்சு பெண்டிங் தட்டுல அடிலேர்ந்து ரெண்டாவதா இருந்துச்சு. அண்ணன் அத மறந்துட்டாரு, எனக்குதான் அவர பாக்குறப்பல்லாம் உறுத்துது.

இங்க ட்ரேக்காக ஒரு நியாயமும் பேசணும். குவிச்சு வைக்கிறது முட்டாள்தனம் இல்ல. கடைசியா எடுத்தத திருப்பி மேலயே வைக்கிறோம்ல, அது கணக்குப்படி நல்ல முறைதான். 1985ல டேனியல் ஸ்லேட்டர், ராபர்ட் டார்ஜன்னு ரெண்டு கணினி விஞ்ஞானிகள் இத நிரூபிச்சே காட்டுனாங்க, அடுத்து எது தேவைப்படும்னு முன்கூட்டியே தெரிஞ்ச ஒருத்தர் அடுக்கினா ஆகுற தேடல் செலவுல, இந்த முறைக்கு அதிகபட்சம் ரெண்டு மடங்குதான் ஆகும்னு. ஜோசியம் தெரியாம இவ்ளோ கிட்ட வர்றது பெரிய விஷயம். ஆனா ட்ரேல நடக்குறது அது இல்ல. நான் எடுத்தத திருப்பி மேல வைக்கிறதுக்குள்ள வேற யாராவது வந்து நாலு பேப்பர அது மேல போட்டுட்டு போயிடுறாங்க. அப்ப மேல இருக்குறது நான் பயன்படுத்தினது இல்ல, புதுசா வந்து விழுந்தது. நடுவுல இருக்குறத உருவினா பக்கத்துல ரெண்டு கூடவே வருது.

அதே முறைய நிக்க வச்சு செஞ்சா சரியாயிடுது. ஜப்பான்ல யுகியோ நொகுச்சினு ஒரு பொருளாதார நிபுணர் 1990கள்ல பிரபலமாக்கின வழி இது: தலைப்பு வாரியா பிரிக்கவே வேணாம், எல்லாத்தையும் ஏ4 கவர்ல போட்டு வரிசையா நிக்க வைங்க, எத எடுத்தாலும் திருப்பி இடது ஓரத்துல வைங்க. தொடாததெல்லாம் தானா வலது பக்கம் ஒதுங்கிடும். நான் கவர் போடல, மெல்லிசான ஃபோல்டர்தான், ஃபோல்டர் ஓரத்துல பேனால ரெண்டு வார்த்தை. ஸ்டாண்ட் நெறஞ்சு புதுசு ஒண்ணு நுழைய மாட்டேங்குதுனா வலது கடைசில கை வைப்பேன். ஒண்ணு பீரோவுக்கு போகும், இல்ல கிழிக்கிற மெஷினுக்கு. ட்ரே நெறஞ்சா அதுக்கு மேலயே கோபுரம் கட்டலாம், ஸ்டாண்ட் நெறஞ்சா நெறஞ்சதுதான். அந்த பிடிவாதம்தான் எனக்கு வேண்டியிருந்துச்சு.

ஸ்டாண்டுல குறையே இல்லையானா, இருக்கு. பாதி காலியா இருந்தா உள்ள இருக்குற பேப்பர் முதுகு வளைஞ்சு உக்காந்துடும், ஒரு வாரம் போனா அந்த வளைவு நிமிரவே நிமிராது, அதுக்கு ஒரு கெட்டி அட்டைய முட்டு கொடுத்திருக்கேன். சின்ன ரசீதெல்லாம் வழுக்கி அடிக்கு போயிடும், அதுக்கு தனியா ஜிப் பவுச்சு. தண்ணி பாட்டில் ஒரு நாள் கவுந்தப்ப ட்ரே இருந்திருந்தா காலோட உசரத்துல தப்பிச்சிருக்கும், ஸ்டாண்ட் தண்ணிலயே நின்னுச்சு, பேப்பர் அடிலேர்ந்து ரெண்டு விரல் உசரத்துக்கு உறிஞ்சிடுச்சு, இங்க்ஜெட்ல எடுத்ததெல்லாம் மை பரவி நீலமா போச்சு. இப்ப பாட்டில் டேபிள்ல இல்ல, தரைல.

அப்புறம், என் டேபிள் என் ஒருத்தனோட டேபிள். ஷிஃப்டுக்கு ஒருத்தர் மாறி மாறி உக்கார்ற இடத்துல "எடுத்தத இடது பக்கம் வைங்க"னு எல்லாரையும் கேக்க வைக்க முடியுமாங்கிறது நான் செஞ்சு பாத்ததில்ல. பேப்பர் காலைல வந்து சாயங்காலமே போயிடுற சீட்டுனா ட்ரேயே போதும், அங்க எதுவும் அடில தங்கவே தங்காது. ஏ3 வரைபடத்தோட வேலை பாக்குறவங்களுக்கு இந்த சைஸ் ஸ்டாண்ட் ஆகவே ஆகாது. எல்லாத்தையும் டிராயர்ல போட்டு டேபிள மொட்டையா வைக்கிற மூணாவது வழியும் இருக்கு, நான் ரெண்டு வாரம்தான் தாக்குப்பிடிச்சேன், கண்ணுல படாதது எனக்கு ஞாபகத்துலயும் இருக்க மாட்டேங்குது, உங்களுக்கு எப்படியோ.

பழைய ட்ரேய தூக்கிப் போடல. மூணு தட்டையும் கழட்டி ஒண்ண மட்டும் பிரிண்டர் பக்கத்துல வச்சிருக்கேன், ஒரு பக்கம் பிரிண்ட் ஆன வேஸ்ட் பேப்பர் போட. அதுல எது மேல எது அடினு யாருக்கும் கவலை இல்ல, அந்த வேலைக்கு ட்ரே பிரமாதம்.