விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பழைய காருக்குத் தோல் இருக்கை: சென்னையில் என்ன கிடைக்கிறது, எங்கே கெடுகிறது

சென்னையில் நல்ல தோலும் கிடைக்கும், நன்றாகத் தைக்கிற கையும் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காது. கார் சீட் தைப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் அதைச் சுற்றியும் இருக்கிறார்கள். அவர்கள் கைக்குப் பழகியது ரெக்ஸின். தோலை அறிந்தவர்கள் பெரியமேட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கமும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பேசுவது ஷூ தோல் பற்றி. அம்பாசடருக்கோ பியட்டுக்கோ தோல் இருக்கை போட வருகிறவர் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வேலை வாங்க வேண்டும். காரை மொத்தமாக ஒரு கடையில் விட்டுவிட்டு உறவினர் வீடுகளைச் சுற்றப் போனால், திரும்பி வரும்போது பளபளப்பாக இருக்கும். இரண்டு கோடை தாங்காது.

தோலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் பணம் அதிகம் போகிறது. கடையில் 'லெதர்' என்று மட்டும் கேட்காதீர்கள். 'அப்ஹோல்ஸ்டரி' என்று சொல்லிக் கேளுங்கள், 1.1 முதல் 1.3 மில்லிமீட்டர் கனம் என்றும் சொல்லுங்கள். ஷூ மேல்தோல் விறைப்பானது, குஷன் அமுங்கி எழும் இடத்தில் மடிப்பு விழுந்து மேல்பூச்சு வெடிக்கும். ஜாக்கெட்டுக்கான ஆட்டுத்தோல் கைக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனால் 0.6, 0.7 மில்லிமீட்டர்தான், தையல் போட்ட வரியிலேயே கிழியும். கனம் பார்க்கும் டயல் கேஜ் தோல் மண்டிகளில் பொதுவாக உண்டு. முதுகு, கழுத்து, வயிறு என்று மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குரோம் பதனிட்ட தோலா, பட்டை போட்டுப் பதனிட்டதா என்று கேட்பது அதைவிட முக்கியம். ஆவாரம்பட்டை, கடுக்காய் வழியில் பதனிட்ட தோல் அழகானது, இந்த மண்ணின் பழைய தொழில். பைக்கும் பெல்ட்டுக்கும் அது நன்றாக உழைக்கும். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்கு ஒத்துவராது. வெயில் பட்ட இடம் கறுக்கும், சூட்டில் சுருங்கி விளிம்பில் இழுக்கும். காருக்குக் குரோம் தோல்தான் சரி.

பித்தலாட்டம் நடக்கும் இடம் ஸ்ப்ளிட். தோலைக் கிடையாகப் பிளந்து, அடிப்பாதிக்குப் பி.யு. (பாலியூரித்தேன்) என்ற பிளாஸ்டிக் பூசி, மேலே மயிர்க்கண் அச்சுக் குத்தி விற்பார்கள். அதுவும் 'அசல் தோல்தான்' என்பார்கள், அது பொய்யும் இல்லை. வெட்டிய விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல தோலில் நார் மேலே போகப் போக நெருங்கி மேற்பரப்போடு ஒன்றாகிவிடும். ஸ்ப்ளிட்டில் தளர்ந்த நார், அதன்மேல் தனியாகத் தெரியும் பிளாஸ்டிக் படலம். நகத்தால் நெருடினால் படலம் உரியத் தொடங்கும். பிறகு ஒரு வெள்ளைத் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முப்பது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை வேட்டியோடு ஏறி உட்காருகிற ஊரில் சாயம் விடுகிற கறுப்பையும் மெரூனையும் வாங்கக் கூடாது. இதற்கு மேலும் சந்தேகம் என்றால் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்; ஒரே ஒரு காருக்கு அவ்வளவு தேவைப்படாது.

எவ்வளவு வாங்க வேண்டும்? தோல் சதுர அடிக் கணக்கில் விற்கும். ஒவ்வொரு தோலின் பின்பக்கமும் அளவை எழுதியிருப்பார்கள். 22 என்ற எண்ணின் தலைமாட்டில் சின்னதாக 2 இருந்தால் அது இருபத்திரண்டரை. மேலே உள்ள எண் கால் அடிகளைக் குறிக்கும். நம் ஊர் மாட்டுத் தோல் பெரும்பாலும் 20 முதல் 30 சதுர அடிக்குள் அடங்கிவிடும். ஐரோப்பியத் தோல் 50 அடி வரும். அங்கே எழுதப்பட்ட 'மூன்று தோல் போதும்' என்ற கணக்கை இங்கே கொண்டுவந்து ஏமாறக் கூடாது. முன்னும் பின்னும் பெஞ்சு சீட்டுள்ள அம்பாசடர் அளவுக் காரில், சீட்டுகளின் எல்லாப் பக்கமும் நான்கு கதவும் சேர்த்து நிகரப் பரப்பு 75 முதல் 80 சதுர அடி. உண்ணிப் புள்ளி, சூட்டுத் தழும்பு, கழுத்தில் நுகத்தடி அழுத்திய தடம், விளிம்பு, வயிறு எல்லாம் கழிந்தால் மூன்றில் ஒரு பங்கு வீண். ஆக 120 அடிக்குக் குறையாமல், கொஞ்சம் கையிருப்போடு 130 வாங்குவது நல்லது. எல்லாம் ஒரே சாயக் கட்டிலிருந்து வர வேண்டும். பத்து அடி குறைந்தது என்று பிறகு போய் வாங்கினால் அதே நிறம் அமையாது. செலவைக் குறைக்க விரும்பினால் உட்காரும் முகப்பும் சாயும் முகப்பும் மட்டும் தோல், பக்கமும் சீட்டின் பின்புறமும் நிறம் பொருந்திய ரெக்ஸின் என்று போடலாம். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் கம்பெனியே அப்படித்தான் போட்டது, அதில் குறைவொன்றும் இல்லை.

வெட்டும்போது கூடவே இருங்கள். ரெக்ஸின் சுருளில் எப்படி வெட்டினாலும் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தில் வயிற்றுப் பகுதியையும் சீட் முகப்புக்கு வைத்துவிடுவார்கள். வயிற்றுத் தோல் இழுபடும். ஆறு மாதத்தில் உட்காரும் இடத்தில் பை விழும். முகப்புத் துண்டுகள் முதுகெலும்பு வரியை ஒட்டி, எல்லாம் ஒரே திசையில் வர வேண்டும். வயிறும் கழுத்தும் கதவு அடிப்பகுதிக்கும் சீட்டின் பின்புறத்துக்கும் போகட்டும். பழைய உறையைப் பிரித்து அப்படியே அச்சாக வைப்பதும் தப்பு, அது பல வருடம் இழுபட்டுப் பெருத்திருக்கும். ஃபிரேமை அளந்து அச்சைத் திருத்தி, முதலில் காடாத்துணியில் ஒரு உறை தைத்து மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தோலில் ஊசி போட்ட ஓட்டை போட்டதுதான், பிரித்துத் தைக்க வழியில்லை.

வரிவரியாக மடிப்பு வைத்த சீட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தோலுக்கு அடியில் 8 மில்லிமீட்டர் ஃபோமும் பின்துணியும் வைத்துத் தைக்கும்போது ஒவ்வொரு வரியும் 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலத்தை விழுங்கும். இருபது வரி என்றால் 6 முதல் 10 சென்டிமீட்டர் போய்விடும். மூன்று வரி தைத்து அளந்து பார்த்து, அந்தக் கணக்கில் துண்டை அகலமாக வெட்ட வேண்டும். இதைச் செய்யாத இடத்தில்தான் உறை சின்னதாகி, 'இழுத்து மாட்டிடலாம் சார்' என்ற பேச்சு வரும். இழுத்து மாட்டிய உறை முதலில் மூலைத் தையலில் பிளக்கும்.

இப்போது தோல்காரருக்கும் சீட்டுக்காரருக்கும் நடுவே விழுந்துகிடக்கும் வேலைக்கு வருகிறேன்: விளிம்பு சீவுதல். இரண்டு துண்டும், நடுவில் பைப்பிங்கும் (தையல் ஓரமாக ஓடும் மடித்த பட்டை) சேரும் இடத்தில் நான்கு அடுக்குத் தோல், கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். ஊசி உடையும், தையல் தாவும், தப்பித் தைத்தாலும் அந்த இடம் முண்டாக நிற்கும். தையல் விளிம்பை 10 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பாதிக் கனமாகச் சீவ வேண்டும். பைப்பிங் பட்டையை முழுவதுமாக 0.7 அளவுக்கு இறக்க வேண்டும். கார் சீட் கடைகளில் இதற்கான மெஷின் அநேகமாக இருக்காது. ஷூ மேல்பாகம் தைக்கும் யூனிட் எதிலும் விளிம்பு சீவும் ஸ்கைவிங் மெஷின் இருக்கும், ஆம்பூரில் கேட்கவே வேண்டாம். வெட்டிய துண்டுகளுக்கு எண் போட்டு அங்கே கொடுத்து வாங்கினால் அரை நாள் வேலை. தைத்த சீட்டைப் பார்த்ததும் வித்தியாசம் தெரிவது இதில்தான். பைப்பிங் ஒரே கனத்தில் கோடு இழுத்த மாதிரி ஓடும்.

நூலை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். வெயிலுக்குப் பாண்டட் பாலியெஸ்டர் (இழைகள் பிரியாமல் பசையால் பிணைத்த நூல்) நல்லது. நூலின் கனத்தை டெக்ஸ் என்ற எண்ணில் சொல்வார்கள்: இணைப்புத் தையலுக்கு டெக்ஸ் 70, வெளியே தெரியும் தையலுக்கு டெக்ஸ் 90. டெக்ஸ் 70க்கு 18ஆம் நம்பர் ஊசி, 90க்கு 20, இரண்டும் தோல் முனை ஊசி. அங்குலத்துக்கு ஆறு, ஏழு தையலுக்கு மேல் போகக் கூடாது. நெருக்கித் தைத்தால் உறுதி என்ற நம்பிக்கை துணிக்குச் சரி. தோலில் அது தபால்தலைத் தாளில் போட்ட துளைவரிசை போல ஆகி, அந்த வரியிலேயே கிழியும். மேலடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மெஷின் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். சாதாரண மெஷினில் கீழ்த்துண்டு முன்னே ஓடி, நீளத் தையலின் கடைசியில் ஒரு சென்டிமீட்டர் ஏறுமாறாக நிற்கும்.

தோலுக்கு அடியில் இருப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் வேலை கெடுவது பெரும்பாலும் அங்கேதான். பழைய மாடல்களில் ஸ்பிரிங் கூடு, அதன்மேல் கோணி, அதன்மேல் நார். உறையைக் கழற்றியதும் ஃபிரேமின் துருவைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். அம்பாசடர் உற்பத்தி 2014இல் உத்தர்பாராவில் நின்றுவிட்டதால் புது ஃபிரேமை எதிர்பார்க்க முடியாது; மிஞ்சிப்போனால் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் இன்னொரு காரிலிருந்து எடுத்த ஃபிரேம்தான். உடைந்த ஸ்பிரிங்கை மாற்றி, தளர்ந்த கட்டுகளைப் புதிதாகக் கட்டி, கெட்டிக் கோணி போட்ட பிறகே ஃபோம். கோணியை மிச்சப்படுத்தினால் ஸ்பிரிங் ஒரே வருடத்தில் ஃபோமை அறுத்துவிடும்.

ஃபோமில் ஒரு தூண்டில் உண்டு.

'சார், இன்னும் ரெண்டு இஞ்ச் ஏத்தி விட்டுடறேன், சொகுசா இருக்கும்.'

'வேணாம் மாஸ்டர், தரையிலேருந்து பழைய உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் வேணும்.'

இந்தப் பதிலில் உறுதியாக நில்லுங்கள். பிரிப்பதற்கு முன்பே ஆளை உட்கார வைத்துத் தரையிலிருந்து சீட் நடு உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலம் ஏறினால் ஸ்டியரிங் தொடையில் இடிக்கும், பின்சீட்டில் தலை கூரையைத் தொடும். உட்காரும் பகுதிக்கு 40 டென்சிட்டிக்கு (கன மீட்டருக்கு 40 கிலோ) குறையாத ஃபோம், சாயும் பகுதிக்கு 32 போதும். டென்சிட்டியும் கெட்டித்தன்மையும் வேறு வேறு. துண்டு ஃபோம்களை அழுத்தி ஒட்டிய ரீபாண்டட் கெட்டியாக இருக்கும் என்பதால் அதையே 'நல்ல சரக்கு' என்று வைப்பார்கள். முழுச் சீட்டுக்கும் அது பலகை. ஓரத்தைத் தாங்க மட்டும் வைக்கலாம். உறை வழுக்கி ஏறப் பாலித்தீன் போடுவதையும் தடுங்கள், நம் ஊர் ஈரத்தில் வியர்வை உள்ளே தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு அதே வேலையைச் செய்யும். உறை போடுவதற்கு முன் வெறும் ஃபோமில் ஒருமுறை உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, கிளட்சை மிதித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு திருத்த முடியாது.

கதவுப் பலகை மழையில் ஊதியிருக்கும். புது 3 மில்லிமீட்டர் பலகை வெட்டி, கிளிப் ஓட்டைகளைப் பழையதிலிருந்து ஒற்றி எடுத்து, இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்த பிறகே தோல் ஒட்ட வேண்டும். பாலித்தீன் வேண்டியது இங்கே: கதவு இரும்புக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு முழுத் தாள், கீழ் ஓரம் கதவின் உள்ளே தொங்குமாறு. ரப்பர் பசை தொட்டால் ஒட்டாத பக்குவத்துக்குக் காய்ந்த பிறகே அழுத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது காய வெகுநேரம் எடுக்கும். அவசரத்தில் ஒட்டியது கோடையில் குமிழ் விடும். முடிந்தால் இந்த வேலையை ஜனவரி பின்பாதிக்கும் ஜூனுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் வாரம் டெய்லர் ஊருக்குப் போயிருப்பார். வெள்ளிக்கிழமை மதியம் பல தோல் மண்டிகளில் ஆளிருக்காது. ஊர்ப் பயணம் நான்கு வாரம் என்றால் முதல் வாரத்திலேயே தோலும் காடாத்துணி உறையும் முடிய வேண்டும். கடைசி வாரத்தைத் திருத்தத்துக்கென்று காலியாக விடுங்கள். பேரத்தில் தோலுக்குத் தனி, கூலிக்குத் தனி, ஃபோமுக்குத் தனி என்று எழுதி வாங்குங்கள். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்றால் குறைவது கண்ணுக்குத் தெரியாத ஃபோமும் கோணியும்தான்.

கார் வெளிநாட்டில் இருந்தாலும் இந்தச் சேவையைப் பயன்படுத்தலாம். மோரிஸ் மைனருக்கோ ஆஸ்டினுக்கோ பழைய உறைகளைக் கழற்றி, ஃபிரேம் அளவுகளோடும் ஒவ்வொரு மூலையின் படத்தோடும் எடுத்து வந்து, இங்கே உறையை மட்டும் தைத்துக் கொண்டுபோவது. 1.2 மில்லிமீட்டர் தோல் சதுர அடிக்கு ஏறக்குறைய 100 கிராம். 80 அடி தைத்த தோல் 8 கிலோ, பின்துணியும் மெல்லிய ஃபோமும் பைப்பிங்கும் சேர்ந்தாலும் 12 கிலோவைத் தாண்டாது. 23 கிலோப் பெட்டியில் தாராளமாக அடங்கும். கதவுப் பலகையைச் சுமக்காதீர்கள், தோலை மட்டும் நான்கு புறமும் 4 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி வாங்கி, அங்கே ஒட்டிக்கொள்ளலாம். உறைகளை மடிக்காமல், பருத்தித் துணியை நடுவில் வைத்துத் தளர்வாகச் சுருட்டுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். மிஞ்சிய தோலில் இரண்டு பெரிய துண்டும், அதே நூலில் ஒரு கோனும் கேட்டு வாங்கிப் பெட்டியில் போடுங்கள். உறையை ஃபிரேமோடு பிணைக்கும் ஹாக் ரிங் கிளிப்பை மாட்டும் பிளையரைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள், அதுவும் பெட்டிக்குள்ளேயே போகட்டும்.