கவரேஜ் விழுகிற பக்கத்தில் ஸ்பொட்டிஃபை பிரீமியம்

இணையத்தில் பாட்டுக் கேட்கும் அப்பான ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021 பெப்ரவரியில். கொழும்பில் இருப்பவருக்கு இது எப்படி என்பது வேறு கதை. வன்னியில் இதன் கட்டணத் திட்டமான பிரீமியத்துக்கு மாதாமாதம் காசு கட்டலாமா என்றால், பாட்டை இறக்கி வைத்துக் கேட்பவர் கட்டலாம். டேட்டாவில் நேரே ஓடவிட்டுக் கேட்பவருக்குக் காசுக்கேற்ற பலன் இல்லை. ஏ9 வீதியோரம் ஒருமாதிரிச் சமாளிக்கும். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கமோ, புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணிப் பக்கமோ போனால் காடு வரவரக் கவரேஜ் குறையும், பாட்டும் விக்கி விக்கித்தான் வரும்.

இலவசக் கணக்கில் விளம்பரம் இடையில் வரும், பாட்டு இறக்க முடியாது. அந்த இரண்டாவது குறைக்காகத்தான் பிரீமியம்.

முதலில் டேட்டாக் கணக்கு. ஒலித்தரம் ‘நோர்மல்’ என்றால் செக்கனுக்கு 96 கிலோபிற், ‘ஹை’ 160, ‘வெரி ஹை’ 320. ஒரு மணித்தியாலத்துக்கு முறையே 43, 72, 144 எம்பி அளவில் போகும். நாலு நிமிடப் பாட்டொன்று ‘ஹை’யில் 5 எம்பிக்குச் சற்றுக் குறைவு, 500 பாட்டுக்கு இரண்டரை ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டோவிலும் உழவு மெசினிலும் கேட்க 160 தாராளம். மலிவான புளூடூத் ஸ்பீக்கர் எப்படியும் பாட்டை இன்னொரு தரம் சுருக்கித்தான் வாங்கும். அதற்கு 320இல் இறக்குவது மெமரியை வீணாக்கும் வேலை. நல்ல வயர் ஹெட்போன் இருந்தால் மட்டும் 320ஐத் தொடலாம்.

போனில் பாட்டை ஒவ்வொன்றாக இறக்க வழியில்லை. பிளேலிஸ்ட் ஒன்றில் சேர்த்து, அல்லது அல்பமாகத் திறந்து, கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்த வேண்டும். அம்பு பச்சையானால் இறங்கிவிட்டது. பலர் மாட்டுப்படுவது இதற்கு முந்திய படியில்: மொபைல் டேட்டாவில் இறக்கும் அனுமதி தொடக்கத்தில் மூடியே இருக்கும். வீட்டில் வைஃபை இல்லாதவர் செற்றிங்ஸுக்குள் போய் அதைத் திறக்காவிட்டால் ‘வெயிற்றிங்’ என்றபடியே கிடக்கும், அப்பில் பிழை என்று நினைக்கத் தோன்றும். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் இறக்குவதை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறித்து இறக்கும் வசதி இல்லை, நீங்களே விழித்திருந்து அழுத்த வேண்டியதுதான். பாதியில் நின்றால் பெரும்பாலும் போனின் பற்றறிச் சேமிப்புத்தான் காரணம். அதிலிருந்து இந்த அப்பை விலக்கிவிடுங்கள். மெமரி காட் போட்ட அன்ட்ரொயிட் போனில் சேமிக்கும் இடத்தை ‘மெமரி காட்’ என்று மாற்றலாம். இதை இறக்கத் தொடங்க முன்னமே செய்வது நல்லது.

இறக்கியதெல்லாம் உங்கள் சொத்தென்று நினைக்க வேண்டாம். 30 நாளுக்கு ஒருமுறையாவது டேட்டா போட்டு அப்பைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டுகள் போய்விடும். ஒரு கணக்குக்கு ஐந்து போன் வரை, ஒவ்வொன்றிலும் 10,000 பாட்டு. சந்தா நின்றதும் எல்லாம் பூட்டிக்கொள்ளும். பென் டிரைவுக்கு மாற்றவும் முடியாது, கோப்புகள் பூட்டிய வடிவத்திலேயே இருக்கும். புளூடூத் இல்லாத பாட்டுச் செற் பூட்டிய வாகனமென்றால், போனையும் செற்றையும் இணைக்கும் ஓக்ஸ் வயர்தான் வழி.

பாட்டுக் களஞ்சியம் எப்படி? தமிழ்ச் சினிமாப் பாட்டுக்குக் குறைவில்லை, பழையதும் உண்டு. ஆனால் பழைய பாட்டுகள் தொகுப்பு அல்பங்களுக்குள் சிதறிக் கிடக்கும். ஆண்டு என்று காட்டுவது பலவேளை அந்தத் தொகுப்பு வந்த ஆண்டு, படம் வந்த ஆண்டல்ல. ஒரே பாட்டு நாலைந்து இடத்தில் இருந்தால் எல்லாவற்றையும் கொஞ்சம் ஓடவிட்டுப் பாருங்கள். ஒன்று தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருக்கும். பாட்டுக்குப் பாட்டு சத்தம் கூடிக் குறைந்தால், அதைச் சமப்படுத்தும் ‘வொலியூம் நோர்மலைசேஷன்’ போட்டுக்கொள்ளலாம். இரைச்சலான வாகனத்துக்கு அதில் ‘லவுட்’ சரி, வீட்டில் ‘நோர்மல்’ போதும். தேடும்போது ஆங்கில எழுத்தில் தேடுவதே பலன் தரும். அதிலும் ழகரத்தை ஒருவர் இசட் எச் என்றும் இன்னொருவர் எல் என்றும் பதிந்திருப்பார்கள், கிடைக்காவிட்டால் இரண்டு விதமாகவும் அடியுங்கள்.

நமது ஊர் இசைக்கு வந்தால்தான் ஏமாற்றம். நாதஸ்வரம், தவில், கூத்துப் பாட்டு, கோயில்களுக்கென்று பாடி வெளியிட்ட பக்திப் பாடல்கள் எல்லாம் துண்டு துண்டாகத்தான் அகப்படும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நாளில் ஒலிபெருக்கியில் கேட்கும் வகைப் பாட்டுகளை இங்கே தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அவற்றுக்கு இன்னும் யூடியூப்பும் பழைய பென் டிரைவும்தான். கையில் இருக்கும் எம்பி3 கோப்புகளைப் போனில் வைத்து, செற்றிங்ஸில் ‘லோக்கல் ஃபைல்ஸ்’ஐத் திறந்தால் இதே அப்பில் சேர்ந்து பாடும். பலருக்குத் தெரியாத, உண்மையிலேயே உதவுகிற வசதி அது.

கட்டணத்தை வங்கி அட்டையில் கட்டலாம். டெபிற் அட்டையில் இணையவழிக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள், மூடியிருந்தால் அட்டை ஏறாது. “நான் கனடாவில இருந்து குடும்பத் திட்டத்தில சேர்த்துவிடுறன்” என்று அண்ணாவோ சித்தப்பாவோ சொன்னால் அவசரப்பட வேண்டாம். குடும்பத் திட்டத்தில் ஆறு பேர் சேரலாம், ஆனால் எல்லோரும் ஒரே முகவரியில் வசிக்க வேண்டுமென்பது விதி. இருவர் சேரும் டுவோ திட்டத்துக்கும் அதே விதி. அங்கே வாங்கிய பரிசு அட்டையும் அங்கத்தைய கணக்கில் மட்டும்தான் ஏறும். அதைவிட, வீட்டிலேயே இருக்கும் தம்பி, தங்கை, அம்மா எல்லோரும் சேர்ந்து இங்கேயே ஒரு குடும்பத் திட்டம் எடுத்தால் ஆளுக்கு விழும் காசு தனித் திட்டத்தைவிடக் குறையும், விதிக்கும் பொருந்தும்.

சலூனிலும் தனியார் பஸ்ஸிலும் கடையிலும் போடுவதற்கு இந்தச் சந்தா செல்லாது, தனிப்பட்ட பாவனைக்கு மட்டும் என்றே நிபந்தனையில் இருக்கிறது.

பிரீமியத்தைச் சோதித்துப் பார்க்க இலவசத் தவணை எடுத்தவர்கள் காசு வெட்டும் திகதியை முதல் நாளே குறித்து வையுங்கள். அப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிரவுசரில் ஸ்பொட்டிஃபை கணக்குப் பக்கத்துக்குள் போய், திட்டத்தை நிர்வகிக்கும் இடத்தில் ரத்துச் செய்ய வேண்டும்.