பொங்கல் வியாழக்கிழமை வந்தால்: ஜெர்மனியில் எனக்குத் தெரிந்த மூன்று வழி

2026-இல் தை 1 வந்தது ஜனவரி 15, வியாழக்கிழமை. தமிழ்நாட்டில் வரிசையாக லீவு. மியூனிக்கில் எனக்குக் காலை 9 மணிக்கு மீட்டிங். இங்கே வேலைக்கு வந்து ஏழு வருஷமாகிறது. மார்கழி பிறந்தால் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சுதான்: அன்றைக்கே வீட்டில் வைப்பதா, சனிக்கிழமை ஹாலில் கூடுவதா, இல்லை பேசாமல் ஊருக்கே போய்விடுவதா. மூன்றையும் செய்து பார்த்தாயிற்று.

ஊரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசை அங்கேதான், கணக்கு உதைப்பதும் அங்கேதான். லீவு பெரிய பிரச்சினை இல்லை. வாரம் ஐந்து நாள் வேலைக்குச் சட்டப்படியே வருஷத்துக்கு 20 நாள் உண்டு, பல கம்பெனிகளில் 30 வரை தருவார்கள். பிராங்க்பர்ட்டிலிருந்து சென்னைக்கு நேரடி விமானமும் இருக்கிறது. சிக்கலே சென்னையில் இறங்கிய பிறகுதான். திருச்சி ரயிலுக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் இந்திய நேரம் காலை 8 மணிக்குத் திறக்கும். நவம்பரில் அது இங்கே விடியற்காலை 3:30. அலாரம் வைத்து எழுந்து, வெயிட்டிங் லிஸ்டைப் பார்த்துவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறேன். அப்புறம் ஆம்னி பஸ்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கிளாம்பாக்கத்தில் சிறப்புப் பேருந்துக்குப் பெட்டியோடு நிற்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டால் அதுவும் இல்லை. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறை ஜனவரி முதல் வாரத்தோடு முடிந்துவிடும். நம் இஷ்டத்துக்குப் பிள்ளையை இரண்டு வாரம் நிறுத்தினால் பெற்றோருக்கு அபராதம் போடுகிற நாடு இது. என் பெண் ஒன்றாம் வகுப்பு சேர்ந்ததோடு எங்களுக்கு அந்தக் கதவு மூடியது.

சனிக்கிழமை ஹாலுக்குக் கூட்டம்தான் பலம். பட்டுச் சேலைக்கு மேலே குளிர் ஜாக்கெட், வேட்டிக்குக் கீழே பனி பூட்ஸ், வாசலில் தள்ளுவண்டி வரிசை. ஈழத்து அக்காமார் கொண்டுவரும் புக்கையை, அதாவது அவர்கள் ஊர்ப் பொங்கலை, நம் சர்க்கரைப் பொங்கலோடு ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட வேறு எங்கே வாய்க்கும்? எது மேல் என்று நான் சொல்லப்போவதில்லை, அடுத்த வருஷமும் எனக்குச் சாப்பாடு வேண்டும். என் பெண்ணுக்கு உறியடி என்றால் உயிர். அவளைக் கேட்டால் பொங்கல் என்பதே அந்த ஹால்தான்.

ஆனால் உள்ளே நெருப்புப் பற்றவைக்க அனுமதி கிடையாது. பொங்கல் யாரோ வீட்டில் வெந்து, பெரிய டப்பாவில் காரில் வந்து இறங்கும். மேடையில் கரும்புக்கு நடுவே ஒரு மண்பானை இருக்கும், அதன் வாயில் பொங்கி வழிவது பஞ்சு. ஹால் காலியில்லை என்று ஒரு வருஷம் பிப்ரவரிக்கே போய்விட்டது. தீபாவளியை இப்படித் தள்ளிவைத்தால் எனக்கு ஒன்றும் குறைவதில்லை; இனிப்பும் புதுத்துணியும் என்றைக்கும் அதேதான். பொங்கல் அப்படியில்லையே. அன்றைய சூரியனுக்கு அன்றைக்கு வைப்பது அது.

அதனால் என் ஓட்டு வீட்டுக்கு. சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே வாடகை வீடுகளில் அநேகமாக மின்சாரத்தில் சூடாகும் கண்ணாடி அடுப்பு, இல்லாவிட்டால் இண்டக்‌ஷன். இண்டக்‌ஷனில் மண்பானையும் வெண்கலப் பானையும் சூடே ஆகாது. ஊரிலிருந்து வந்த எவர்சில்வர் பாத்திரத்தையும் நம்ப முடியாது. பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால்தான் வேலைக்காகும். கண்ணாடி அடுப்பில் வேறு தொல்லை. முதல் வருஷம் அவசரத்தில் பாலோடு வெல்லத்தையும் போட்டுவிட்டேன். பொங்கியது, வழிந்தது, “பொங்கலோ பொங்கல்” என்றோம். வெல்லப்பாகு சூட்டோடு கண்ணாடியில் ஒட்டி, ஆறும்போது மெல்லிய சில்லாகக் கண்ணாடியையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தார்கள். அம்மா சொல்கிற வரிசை, அதாவது முதலில் பால், பொங்கிய பிறகு அரிசி, அரிசி வெந்த பிறகு வெல்லம், அடுப்புக்கும் நல்லது. வழிவது வெறும் பால் என்றால் சுரண்டி எடுத்துவிடலாம்.

இப்போது ஒற்றை மின் அடுப்பு ஒன்றை பால்கனிக்குக் கொண்டுபோய், இரும்புத் தட்டின்மேல் வைத்துவிடுகிறேன். கரும்பு தமிழ்க் கடையில் முழம் அளவுத் துண்டாகக் கிடைக்கிறது. மஞ்சள் கிழங்கு கிடைக்கும், கொத்து கிடைக்காது. கிழங்கைத்தான் நூலில் கட்டுகிறோம். கோலத்துக்கு எதிர்வீட்டுப் பாட்டி என்ன சொல்வாரோ என்று பயந்தேன். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாளையொட்டிச் சிறுவர்கள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வந்து, கதவு நிலையில் சாக்பீஸால் வருஷத்தையும் மூன்று எழுத்தையும் எழுதிவிட்டுப் போவார்கள். அவர் கதவிலும் இருந்தது. “இதுவும் அது மாதிரிதான்” என்றேன். காலில் படாமல் தாண்டிப் போனார்.

நேரக் கணக்குதான் வேடிக்கை. சென்னையில் சூரியன் 6:35-க்கு உதிக்கும்போது இங்கே நடுநிசி தாண்டி 2:05. இங்கே உதிக்க ஏறக்குறைய 8 மணி, அதுவும் மூடுபனியில் தெரிந்தால் உண்டு. இந்தத் தடவை தெரியவில்லை. திசையைப் பார்த்துக் கும்பிட்டோம். போனில் அம்மா, “பால் பொங்கிருச்சாப்பா?” என்றார். அங்கே மதியம் பன்னிரண்டரை, எல்லாரும் சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். 8:40-க்குப் பாத்திரத்தை உள்ளே கொண்டுவந்து, 9 மணிக்குச் சட்டைக் கையில் பால் கறையோடு மீட்டிங்கில் உட்கார்ந்தேன்.

தனியாக இருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம், நேராக ஹாலுக்குப் போங்கள். கைக்குழந்தை இருந்தால், அது பள்ளிக்கூடம் போகும் முன்பே ஒரு தடவையாவது ஊருக்குப் போய்விடுங்கள். எங்களுக்கு 2027-இல் தை 1 வெள்ளிக்கிழமை வருகிறது. காலையில் பால்கனி, மறுநாள் ஹாலில் உறியடி. வெள்ளிக்கிழமை மீட்டிங்கை 10 மணிக்குத் தள்ளச் சொல்லி இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.