வீட்டில் செய்யும் சாட்டர்பெயிட்: எந்த மூட்டு, எந்த உலோகம்?

டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரியில் தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்களுக்கு நான் இதுவரை எத்தனை ஜாக்ஹாமர் (கடையில் விற்கும் சாட்டர்பெயிட் வகை மீன்தூண்டில்) மொய் வைத்திருக்கிறேன் என்று வீட்டில் சொன்னதில்லை. ஒன்று சுமார் 16, 17 டாலர். காலையில் மூன்று போனால் அன்றைக்கு பெட்ரோல் செலவைவிட இதுதான் அதிகம். அதனால்தான் கராஜில் உட்கார்ந்து நானே செய்ய ஆரம்பித்தேன். இரண்டு குளிர்காலம் வெவ்வேறு வழிகளில் செய்து பார்த்ததில், எது எதற்கு உதவும் என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஈயத் தலை, அதில் ஒரு தூண்டில் முள், முள்ளைச் சுற்றி சிலிகான் குஞ்சம். தலைக்கு முன்னால் அறுகோணத் தகடு ஒன்று தொங்கும். இழுக்கும்போது தகடு இடமும் வலமும் மாறி மாறித் தலையில் அடிக்கும்; அந்த அதிர்வு தூண்டில் நரம்பு வழியாகக் கைவரை வரும். தென் கரோலினாவின் கிரீன்வுட்டில் ரான் டேவிஸ் உருவாக்கியது. 2006 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் ஓக்கிச்சோபி ஏரியில் பிரையன் த்ரிஃப்ட் இதை வைத்து மீன்பிடிப் போட்டியை வென்ற பிறகு கடைகளில் அடிபிடியாகிவிட்டது. சாட்டர்பெயிட் இப்போது இஸட்-மேன் நிறுவனத்தின் வணிகப் பெயர். ஆனால் எந்த வனஸ்பதியையும் டால்டா என்பதுபோல, தகடு வைத்த ஜிக் (முள்ளோடு சேர்த்துத் தலை வார்த்த தூண்டில்) எல்லாமே பேச்சில் சாட்டர்பெயிட்தான்.

புதிதாகச் செய்பவர்கள் நிறத்திலும் குஞ்சத்திலும்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். உண்மையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தகட்டுக்கும் தலைக்கும் நடுவில் இருக்கும் மூட்டு. அதற்கு மூன்று வழி பார்த்தேன்.

முதல் வழி, சாவிக்கொத்து வளையம் மாதிரியான ஸ்பிளிட் ரிங். தகடு இல்லாத சாதாரண ஸ்விம் ஜிக் ஒன்றை வாங்கி, நரம்பு கட்டும் கண்ணில் ரிங்கைப் போட்டு, தகட்டை மாட்டினால் வேலை முடிந்தது. தகடு தனியாக விற்கிறது, ஒரு டாலர்கூட ஆகாது. ஈயம் உருக்க வேண்டாம், அச்சு வேண்டாம், பத்து நிமிடம் போதும். குறை என்னவென்றால், ரிங் நடுவில் புகுந்ததும் தகடு தலையைவிட்டு விலகி நிற்கும். தலையில் அடித்துத் திரும்ப வேண்டிய தகடு, அடிக்காமலே தாண்டிப் போய்ச் சில நேரம் தலைகீழாகப் புரண்டுகொள்ளும். மெதுவாக இழுத்தால் தூங்கிவிடும். வேகம் பிடித்தால்தான் விழிக்கும். இதற்கு மருந்து, பலம் குறையாத மிகச் சிறிய ரிங். அதைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். முழுவதும் தீராது.

இந்த வழியில் எனக்கு ஒரு சோகக் கதை உண்டு. மலிவாகக் கிடைத்ததென்று ஒரு பொட்டலம் ரிங் வாங்கியிருந்தேன். மார்ச் மாதம், முட்டையிடுவதற்கு முன் பாஸ் மீன் கொழுத்திருக்கும் பருவம். ஒன்று கவ்வியது, ராடு பாதிக்குமேல் வளைந்தது, படகருகே வந்து ஒருமுறை தலையை உதறியது. அவ்வளவுதான். நரம்பின் முனையில் தகடு மட்டும் பளபளவென்று வந்து சேர்ந்தது. ரிங் நூல் பிரிந்த மாதிரி நீண்டு கிடந்தது.

இரண்டாவது வழி, முள்ளின் கண்ணையே திறந்து தகட்டை நேராகக் கோத்து மூடுவது. கடையில் விற்கும் நல்ல ஜிக்குகளின் துடிப்புக்குக் காரணம் இந்த நேரடி இணைப்புதான், அதனால் ஆசையாகத்தான் இருக்கும். வேண்டாம். முள் கடினப்படுத்திய எஃகு. பிளையரால் திறந்தால் முறியும், அல்லது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். ஆறில் நான்கை மேசையிலேயே உடைத்தேன். மீதி இரண்டை நம்பி வீச மனம் வரவில்லை.

மூன்றாவது, கம்பி. ஒரு மில்லிமீட்டர் வாக்கில் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை வளைத்து, முன் வளையத்தில் தகட்டைக் கோத்து, பின் வளையத்தில் முள்ளை மாட்டி, நடுக்கம்பியின்மேல் தலையை வார்ப்பது. தகடு தலையை ஒட்டி நிற்கும். ரீலின் முதல் சுற்றிலேயே துடிக்க ஆரம்பித்துவிடும். முள் பின்னால் தனியாக ஆடுவதால் மீன் எவ்வளவு உதறினாலும் தலையின் கனத்தை நெம்புகோலாக்கி முள்ளைக் கழற்றுவது கடினம். முள் மழுங்கினால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வேலை அதிகம். அயோவாவிலிருந்து வரும் டூ-இட் நிறுவனத்தின் அலுமினிய அச்சுகளில் எனக்குக் கிடைத்தது முள்ளுக்கென்றே பள்ளம் வெட்டியது. கம்பி உட்கார அரத்தால் ராவ வேண்டியிருந்தது. ஆடுகிற முள் பாசியையும் நன்றாக வாரிக்கொண்டு வரும்.

பாசி என்றதும் ஒன்று. இங்கே இந்த ஜிக்கை வீசுவதே பெரும்பாலும் ஹைட்ரில்லாவுக்கு மேலேதான். பள்ளி ஆய்வகத்தில் பீக்கருக்குள் புனலைக் கவிழ்த்து ஆக்சிஜன் குமிழி எண்ணினோமே, அதே வேலம்பாசி. 1950-களில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு வந்து, தொட்டியைவிட்டுத் தப்பி, தென் மாநில ஏரிகளை எல்லாம் வளைத்துக்கொண்டது. நம்மூர்ச் செடியில் என் 16 டாலர் சிக்கும்போது யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை.

சரி, என் கணக்கு: அடர்ந்த பாசிக்குச் சிறிய ரிங் போட்ட நிலையான முள், பாசி மெலிந்த இடத்துக்கும் மரத்தடிக்கும் கம்பி மூட்டு. ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் கம்பி.

அடுத்து உலோகம். நாம் ஈயம் என்று ஒரே சொல்லில் சொல்வது இரண்டு. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகும், வெறும் சொம்பை அடுப்பில் வைத்து அழுதவர்களுக்குத் தெரியும். ஜிக்குக்கு ஊற்றுவது காரீயம், 327 டிகிரி. மலிவு, கனம், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடும். ஆனால் நஞ்சு. கராஜ் கதவு திறந்திருக்க வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது, அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் வெடித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஒரு தலைகூட வார்க்காதீர்கள்.

மாற்று, பிஸ்மத்தும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. பிஸ்மத் 58, வெள்ளீயம் 42 என்ற விகிதத்தில் 138 டிகிரியிலேயே உருகிவிடும். சில மாநிலங்களில் இது விருப்பம் அல்ல, கட்டாயம். ஈயத்தை விழுங்கி லூன் பறவைகள் சாவதால் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு அவுன்ஸும் அதற்குக் கீழும் உள்ள ஈய ஜிக்குக்குத் தடை. மாசசூசெட்ஸின் உள்நாட்டு நீர்நிலைகளிலும் ஒரு அவுன்ஸுக்குக் குறைந்த ஈயம் கூடாது. சாட்டர்பெயிட் பெரும்பாலும் 3/8, 1/2 அவுன்ஸ்தான், ஆக அங்கே ஈயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. டெக்சாஸில் எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை, இருந்தும் பாதியை இதில்தான் வார்க்கிறேன்.

இதன் விலை ஈயத்தைவிடப் பல மடங்கு. அடர்த்தியும் ஈயத்தில் முக்கால் பங்குதான். எனவே அரை அவுன்ஸ் அச்சில் ஊற்றினால் கையில் வருவது ஏறக்குறைய 3/8 அவுன்ஸ் தலை. ஆழம் குறைந்த இடத்தில் அது வசதி. பத்தடிக்குக் கீழே போக வேண்டுமென்றால் பெரிய அச்சு வாங்க வேண்டும். தரையில் விழுந்தால் மூக்கு உடையும் அளவுக்கு நொறுங்கும் குணமும் உண்டு.

வர்ணத்தில்தான் எனக்கு அடி விழுந்தது. ஈயத் தலைக்குப் பவுடர் பெயின்ட் மாதிரி எதுவும் இல்லை. தலையைச் சூடாக்கித் தூளில் முக்கி, 177 டிகிரியில் கால் மணி நேரம் வேகவைத்தால் கல்லில் உரசினாலும் உரியாது. அதே வேகத்தில் பிஸ்மத் தலைகளையும் பழைய டோஸ்டர் அவனுக்குள் தொங்கவிட்டேன். திறந்தபோது முட்கள் மட்டும் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தன. தலைகள் கீழ்த் தட்டில் பச்சை வர்ணத்தோடு தோசையாகப் பரவியிருந்தன. 138-இல் உருகுவதை 177-இல் வைத்தால் வேறென்ன ஆகும்? இப்போது அவற்றுக்கு நகப்பூச்சு, மேலே ஒரு கோட் எபாக்சி. பவுடர் அளவுக்கு உழைக்காது. (அந்த அவனில் அப்புறம் ரொட்டி சுடக் கூடாது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.)

தகட்டை நீங்களே வெட்டலாமா? குளிர்பான டின் தகரம் முதல் மீனிலேயே மடங்கிவிடும். எஃகுத் தகட்டை வெட்டி, துளையிட்டு, பிசிறு ராவுவதற்குள் ஒரு மாலை போய்விடும், இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால் ஜிக் ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடும். காசு கொடுத்து வாங்குங்கள். நரம்பைத் துளையில் நேராகக் கட்டாமல் ஒரு ஸ்னாப் (திறந்து மூடும் சிறு கொக்கி) போடுங்கள், விளிம்பு அறுக்கும். குஞ்சத்துக்கு ரப்பர் பட்டையைவிட மெல்லிய செப்புக்கம்பி கட்டு நல்லது. வெயிலில் ரப்பர் இற்றுப்போகும்.

செய்து முடித்ததும் ஏரிக்குக் கொண்டுபோவதற்கு முன் குளியல் தொட்டியை நிரப்பி, ஒரு முழ நரம்பில் கட்டி இழுத்துப் பார்க்கிறேன். முதல் சாணுக்குள் தகடு டக்டக்கென்று அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் தகட்டின் நடுவைக் கொஞ்சம் வளைத்து இன்னொருமுறை. அப்போதும் சும்மா வந்தால் தகட்டையும் முள்ளையும் கழற்றிக்கொண்டு தலையை உருக்கும் பாத்திரத்துக்கே அனுப்பிவிடுகிறேன். போன வாரம் செய்த ஒன்பதில் மூன்று அப்படித்தான் திரும்பிப் போயின.