கோவையில் வேலை, எல்லையில் வீடு: கொழிஞ்சாம்பாறையா, கஞ்சிக்கோடா, பொள்ளாச்சியா?

கோவையில் சம்பளம் வாங்குகிறவருக்குக் கோவையிலேயே மனை வாங்கக் கட்டுப்படியாவதில்லை. அதனால் வாளையாறு தாண்டி எங்கள் பாலக்காட்டுப் பக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். வந்ததும் கேட்பது, "சென்ட் என்ன விலைங்க?" அதை மூன்றாவதாகக் கேட்டால் போதும். முதலில், அந்த இடம் வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டில் என்னவாக இருக்கிறது. அடுத்து, மே மாதத்தில் கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா.

கேரளப் பக்கம் மலிவாகக் காட்டப்படும் மனைகளில் பல, பதிவேட்டில் 'நிலம்', அதாவது வயல். 'புரையிடம்' என்று இருந்தால்தான் வீட்டு அனுமதி சிக்கலில்லாமல் கிடைக்கும். 2008-இல் வந்த நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் ஒரு டேட்டா பேங்க், அதாவது வயல், ஈரநிலங்களின் பட்டியல் உண்டு. உங்கள் சர்வே எண் அதில் ஏறியிருந்தால், முதலில் படிவம் 5 கொடுத்து அதிலிருந்து நீக்க வேண்டும். பிறகு நிலத்தின் வகையை மாற்ற 50 சென்ட் வரை படிவம் 6, அதற்கு மேல் படிவம் 7. 25 சென்டுக்குள் கட்டணம் இல்லை என்று தரகர் அடித்துச் சொல்வார். 2017 கடைசிக்குப் பிறகு பெரிய வயலிலிருந்து வெட்டிய துண்டுக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். மரம் வளர்ந்து, மண் மேடேறி, பார்க்கத் தோட்டம் மாதிரியே இருக்கும்; பதிவேட்டுக்குக் கண் கிடையாது. கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) டேட்டா பேங்கைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

இதைத் தாண்டிவிட்டால், தமிழ்க் குடும்பத்துக்குக் கொழிஞ்சாம்பாறைதான் மனசுக்கு நெருக்கம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பஞ்சாயத்துகளில் கடையிலும் கோயிலிலும் தமிழ்தான். பிள்ளைகளுக்குத் தமிழ் வழிப் பள்ளி உண்டு, பாலக்காடு மாவட்டச் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையும் உண்டு. வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு பஸ், பைக் இரண்டும் சரிப்படும். நான் பார்த்தவரை மூன்றில் விலை குறைந்ததும் இதுதான்.

விலை குறைவுக்குக் காரணம் தண்ணீர். கேரளம் என்றதும் மழை நினைவுக்கு வரும். இந்தக் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பகுதி. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். வந்தாலும் அது சித்தூர்ப்புழைப் பாசனத்துக்குப் போகிறது, வடகரப்பதி மேட்டுக்கு ஏறுவதில்லை. 2000-இல் தொடங்கி 2004-இல் மூடிய கோக்க கோலா ஆலை இருந்த பிளாச்சிமடையும் இதே சித்தூர் தாலுகாதான். அங்கே நிலத்தடி நீருக்காக நடந்த போராட்டம் ஊருக்கே தெரியும். எனவே போர்வெல் எத்தனை அடி என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள்; பக்கத்து வீட்டம்மாவிடம் கேளுங்கள், லாரித் தண்ணீர் எந்த மாதம் தொடங்கும் என்பதையும் சேர்த்து.

கஞ்சிக்கோட்டின் பலம் ரயில். பாசஞ்சர் வண்டி பிடித்துப் போத்தனூரிலோ கோவையிலோ இறங்கலாம். விரைவு வண்டிகள் பெரும்பாலும் நிற்காது, அதற்கு ஒலவக்கோடு, அதாவது பாலக்காடு ஜங்ஷன் போக வேண்டும். தொழிற்பேட்டையும் ஐஐடி வளாகமும் இருப்பதால், பின்னால் விற்க நினைத்தாலும் வாடகைக்கு விட நினைத்தாலும் ஆள் கிடைப்பார்கள். 2024-இல் பாலக்காடு தொழில் நகரத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பிறகு, எந்தத் தரகரைக் கேட்டாலும் கஞ்சிக்கோடு இருக்கும் புதுசேரிப் பஞ்சாயத்துப் பக்கம் அடுத்த வருஷமே சிங்கப்பூர். அந்தப் பேச்சுக்கும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார்கள். இரும்பு உருக்கு ஆலைகளுக்குக் காற்று வாக்கில் இருக்கும் தெருக்களை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். வாளையாறு காட்டை ஒட்டிய மனைகளையும்தான். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு யானை பயம் கதையல்ல.

பொள்ளாச்சிக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான்குவழிச் சாலை, ஓயாத பஸ், பழகிய பட்டா-சிட்டா. மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் இருக்கிறதா என்று பார்த்தால் பெரும் பகுதி முடிந்தது. ரயில் குறைவு. விலைதான் ஏற்கெனவே ஏறிவிட்டது. கிணத்துக்கடவு நெருங்க நெருங்க அது கோவை விலைதான்.

பதிவுச் செலவில் பெரிய வித்தியாசமில்லை. 30 லட்ச ரூபாய் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரை 7, பதிவு 2 சதவீதம்: 2.70 லட்சம். கேரளத்தில் 8-ம் 2-ம்: 3 லட்சம். கேரளத்தில் கிரயப் பத்திரத்துக்கு 'ஆதாரம்' என்று பெயர்; அதில் அளவு 'ஆர்' கணக்கில் இருக்கும். ஓர் ஆர் 2.47 சென்ட். தரகர் சொன்ன சென்டையும் அதையும் ஒத்துப் பாருங்கள். முன் ஆதாரம், கரம் (நிலவரி) ரசீது, வில்லங்கச் சான்று எல்லாம் மலையாளத்தில் வரும், பாலக்காட்டு வக்கீல் ஒருவர் வேண்டும்.

கணவன் மனைவி இருவரும் தினம் கோவை போகிறவர்கள் என்றால் கஞ்சிக்கோட்டில், ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில், கட்டி முடித்த பழைய வீடு. வயல் சிக்கல் அதில் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். ஒருவர் மட்டும் போகிறார், பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டும் என்றால், கோடையில் பார்த்து வைத்த கிணற்றோடு கொழிஞ்சாம்பாறை. 2020 கொரோனா காலத்தில் வாளையாறில் பாஸ் கேட்டு நிறுத்தியதை மறக்க முடியாதவர்கள் பத்து லட்சம் கூடப் போட்டுப் பொள்ளாச்சிக்கே போகட்டும், அதில் தப்பில்லை.