சென்னை வெக்கையும் குன்னூர் குளிரும்: பெட்டா தொட்டியின் வெப்பநிலையோடு ஆறு ஆண்டுகள்

2019 ஏப்ரலில் சென்னை கொளத்தூரில் ஒரு கடையிலிருந்து நீல நிறத்து ஆண் பெட்டாவை, நம்மூர் வழக்கில் ஃபைட்டர் மீனை, நான்கு லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தோடு வாங்கி வந்தேன். அப்போது குடியிருந்தது பெரம்பூரில். 2021 இறுதியில் வேலை மாற்றலாகிக் குன்னூருக்கு வந்துவிட்டேன். ஆக, ஒரே வகை மீனைக் கடலோர வெக்கையில் மூன்று கோடைகளும், சுமார் 1,850 மீட்டர் உயரத்து மலைக்குளிரில் நான்கு குளிர்காலங்களும் வைத்துப் பராமரித்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் நீரின் வெப்பநிலையைப் பார்த்து ஒரு நோட்டில் குறிப்பது எங்கள் வீட்டு வழக்கம். பகலில் நான் இல்லாதபோது அம்மா குறித்து வைப்பார். பெட்டாவுக்கு 25 முதல் 28 டிகிரி வரை ஏற்றது என்பது மீன் வளர்ப்போர் அனைவரும் அறிந்ததே. அந்த எண்ணை எட்டுவதைவிட, சிறிய தொட்டியில் அதை நாள் முழுவதும் அசையாமல் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதைத்தான் இந்த நோட்டு எனக்குக் காட்டியது.

முதல் கோடையிலேயே அது தெரிந்துவிட்டது. கத்திரி வெயில் நாள்களில் ஜன்னலோரக் கிண்ணத்து நீர் விடியற்காலையில் 28 டிகிரியும் பிற்பகலில் 33.5 டிகிரியும் காட்டியது. கிண்ணத்தை வாங்கும்போது கடைக்காரர், "ஃபைட்டருக்கு எந்த பாட்டிலும் போதும் சார், அது மேலே வந்து மூச்சு விட்டுக்கும்" என்று சொல்லியிருந்தார். மேலே வந்து மூச்சுவிடும் என்பது உண்மைதான். தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் இந்த மீனுக்கு, காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜன் எடுக்கும் உறுப்பு தலைப்பகுதியில் இருக்கிறது. ஆனால் அந்த உறுப்பு ஆக்சிஜன் குறைவைத்தான் ஈடுகட்டுமே தவிர, ஒரே நாளில் ஐந்தரை டிகிரி ஏறி இறங்கும் நீரிலிருந்து மீனைக் காப்பாற்றாது. சூடான நீரில் அதன் உடல் இயக்கம் வேகமாகிக் கழிவும் கூடுகிறது. அந்தக் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் நச்சான வடிவத்தின் பங்கும் வெப்பம் ஏற ஏறக் கூடுகிறது. சற்றுக் காரத்தன்மை உள்ள நீரில், 25 டிகிரியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக இருப்பது 30 டிகிரியில் பதின்மூன்றில் ஒரு பங்காகிவிடும். நான்கு லிட்டரில் அதைக் கரைத்துத் தாங்குவதற்கு இடமே இல்லை.

அப்போது நான் செய்த பெருந்தவறு, ஐஸ்கட்டிகளை நேரடியாக நீரில் போட்டது. நூறு கிராம் ஐஸ் உருகி 30 டிகிரிக்கு வருவதற்குள் ஏறத்தாழ 46 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சிவிடும். நான்கு லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க 17 கிலோஜூல் போதும். அதாவது நான்கைந்து கட்டிகள் சில நிமிடங்களிலேயே இரண்டரை டிகிரிக்கு மேல் இறக்கிவிடுகின்றன. மீன் துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு அடியில் போய்க் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் இந்தக் கணக்கைப் போட்டேன். முன்னமே போட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

அந்த ஜூனிலேயே 20 லிட்டர் தொட்டிக்கு மாறினேன். ஆறு ஆண்டுகளில் செய்த எல்லா மாற்றங்களிலும் மிகுந்த பயன் தந்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். அதே அறையில், ஜன்னலிலிருந்து ஆறடி தள்ளி வைத்த அந்தத் தொட்டியில், எந்தக் கருவியும் இல்லாமலேயே பகல் இரவு வேறுபாடு இரண்டு டிகிரிக்குள் அடங்கியது. உச்சத்தைக் குறைக்கக் கணினிக்குள் இருக்கும் 12 வோல்ட் விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின் மீது சாய்வாக வீசும்படி பொருத்தினேன். ஆவியாகும் நீர் தன்னோடு வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால் 32 டிகிரி 29.5 வரை இறங்கியது. இதன் பலன் காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. கடற்காற்று தாமதமாக நுழையும் வறண்ட நாள்களில் மூன்று டிகிரி வரைகூட இறங்கும். புழுக்கமான மாலைகளில் ஒரு டிகிரி இறங்குவதே அரிது. விசிறி ஓடினால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நீர் வற்றும். வற்றுவது நீர் மட்டுமே, உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், குழாய் நீரை ஊற்றி ஈடுகட்டாமல் ஆர்.ஓ. நீரை ஊற்றினேன். அந்த மீன் 2021 ஆகஸ்ட் வரை இருந்தது.

குன்னூரில் கதை முற்றிலும் மாறியது. 2022 ஜனவரியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சிவப்பு பெட்டாவைக் கொண்டு வந்து, 18 லிட்டர் நீரும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் உள்ள தொட்டியில் விட்டேன். ஒரு லிட்டருக்கு ஒரு வாட் என்ற பழகிய கணக்கை நம்பி 25 வாட் ஹீட்டர் வாங்கியிருந்தேன். அதன் வெப்பநிலைத் திருகை 26-இல் வைத்தும் நீர் 21.5 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. ஹீட்டரின் விளக்கு இரவு பகல் அணையவே இல்லை. 25 வாட் வெப்பம், இழப்பே இல்லாவிட்டால், 18 லிட்டரை ஒரு மணி நேரத்தில் 1.2 டிகிரி உயர்த்த வேண்டும். ஆனால் இரவில் 15 டிகிரிக்கு இறங்கும் அறையில் கண்ணாடிச் சுவர்களும் திறந்த நீர்ப்பரப்பும் அதே வேகத்தில் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தன. லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கு, அறைக்கும் நீருக்கும் நான்கைந்து டிகிரி வேறுபாடு உள்ள ஊர்களுக்கு உரியது. பத்து டிகிரிக்கு மேல் வேறுபாடு வரும் மலை ஊர்களில் அது பொருந்தாது. பின்புறமும் பக்கங்களிலும் அடியிலும் தெர்மோகோல் ஒட்டி, மேலே கண்ணாடி மூடி வைத்து, 50 வாட் ஹீட்டரும் மாற்றிய பிறகே நீர் 26 டிகிரியில் நின்றது. மூடி வெப்பத்தைக் காப்பதோடு, மீன் மேலே வந்து விழுங்கும் காற்றையும் இதமாக வைக்கிறது. குளிர் ஊர்களில் அதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வாட் கூடினால் ஆபத்தும் கூடும் என்பதை 2023 ஜனவரியில் ஒரு விடியலில் கண்டேன். வைத்த வெப்பநிலை வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்க ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டதால் அது இரவெல்லாம் அணையாமல் எரிந்திருக்கிறது. நீர் 33 டிகிரி. மீன் நீர்மட்டத்திலேயே நின்று விரைவாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஐஸ் கற்றுத் தந்த பாடத்தால் குளிர்நீரை ஊற்றாமல், மின்இணைப்பைப் பிடுங்கி, மூடியை மட்டும் எடுத்துவிட்டு ஐந்து மணி நேரத்தில் மெல்ல 27 டிகிரிக்கு வரவிட்டேன். மீன் பிழைத்தது. அறை குளிராக இருந்ததுதான் அதைக் காத்தது. இதே பழுது சென்னையில் நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது.

அதன்பின் எஸ்டிசி-1000 என்ற வெளிப்புற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பெட்டியில் பொருத்தி வாங்கினேன். கருவியில் 26 டிகிரியும் ஹீட்டரின் திருகில் 28 டிகிரியும் வைத்திருக்கிறேன். அன்றாடம் வெட்டி இணைப்பது கருவி. அதற்குள் சுவிட்சாக வேலை செய்யும் ரிலே ஒட்டிக்கொண்டால் ஹீட்டரின் சொந்த தெர்மோஸ்டாட் 28-இல் நிறுத்திவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாவது அரிது. இந்த அமைப்பில் நான் எதிர்பாராத ஒரு குறை, நீரின் வெப்பத்தை அளக்கும் உணரியின் கம்பி நழுவி நீருக்கு வெளியே வந்துவிட்டால், குளிர்ந்த அறைக் காற்றை நீரென்று கொண்டு கருவி ஹீட்டரை எரியவிட்டுக்கொண்டே இருக்கும் என்பது. ஒரு முறை அப்படி நடந்தது. திருகில் 28 வைத்திருந்ததால் நீர் அதற்கு மேல் போகவில்லை. இப்போது உணரியை இரண்டு உறிஞ்சுப் பிடிகளால் ஹீட்டருக்கு எதிர்ப்பக்கத்தில், நீர்மட்டத்துக்கு வெகு கீழே பொருத்தியிருக்கிறேன்.

நீர் மாற்றும் நாளில் ஹீட்டரின் இணைப்பைப் பிடுங்கிக் கால் மணி நேரம் கழித்தே நீரை இறக்குவேன். நீருக்கு வெளியே எரியும் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் வெடித்துவிடும். குளிர்காலத்தில் எங்கள் குழாய் நீர் 14 டிகிரி. 18 லிட்டரில் நான்கு லிட்டரை அப்படியே மாற்றினால் தொட்டி ஒரேயடியாக 2.7 டிகிரி இறங்கும். ஆகவே குளோரின் நீக்கிய 3.4 லிட்டர் நீரோடு 600 மில்லிலிட்டர் கொதிநீரைக் கலக்கிறேன். இந்த உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், சமவெளியில் போடும் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொதிநீர் வேண்டியிருக்கிறது. கலந்தபின் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் ஊற்றுவதில்லை.

கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் பட்டை வகைத் தெர்மாமீட்டரை நம்பவேண்டாம். நீரின் சூட்டுக்கும் அறையின் குளிருக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணையே அது காட்டும். என்னிடம் இருந்தது குளிர்காலத்தில் இரண்டு டிகிரி குறைத்தே காட்டியது. நீருக்குள் இறக்கும் எந்தத் தெர்மாமீட்டரையும், பொடித்த ஐஸும் நீரும் கலந்த டம்ளரில் வைத்து, பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்க்கிறேன்.

வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போவது இங்கே வழக்கம். முன்புறக் கண்ணாடிக்கும் ஒரு தெர்மோகோல் பலகை வெட்டி வைத்திருக்கிறேன். மின்சாரம் போனதும் அதைச் சாத்தி, தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தினால், ஆறு மணி நேரத்தில் 26 டிகிரி 23-க்குத்தான் இறங்குகிறது. அவ்வளவு மெதுவான இறக்கத்தை மீன் தாங்கிக்கொள்கிறது. மின்செலவைப் பொறுத்தவரை, ஹீட்டர் குளிர்காலத்தில் ஏறத்தாழப் பாதி நேரம் எரிகிறது. ஒரு நாளைக்கு 0.6 யூனிட், இரண்டு மாதப் பட்டியலில் 36 யூனிட்.

சிவப்பு பெட்டாவுக்கு வயது மூன்றைத் தாண்டிவிட்டது. நீந்துவதில் நிதானம் வந்திருக்கிறது, தீனியை இன்னும் கையருகில் வந்து வாங்குகிறது. இப்போதுள்ள ஹீட்டரின் ஒயரில் டேப் ஒட்டி 2024 நவம்பர் என்று எழுதியிருக்கிறேன். 2026 நவம்பரில் அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தாலும் கழற்றிவிடுவேன். அதன் இடத்துக்கான புதிய ஹீட்டர் இப்போதே அலமாரியில் இருக்கிறது.